ஜுரத்தில் கேட்டது

சேகரு, கண்ணு,

இதை என் கையாலேயே எழுதுகிறேன். "நீங்க சொல்லுங்கம்மா, நான் எழுதறேன்" என்று நம் டிஸ்பென்சரி கம்பவுண்டர் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். நான் மூணாங்கிளாசோடு நின்றவள். என் எழுத்து வரப்பு தாண்டின ஆடு மாதிரி ஒரு பக்கமாகப் போகும், நீ பொறுத்துக்கொண்டு படி. நீ என்னிடம் கேட்ட கேள்விக்கு இன்னொருத்தர் கையால் பதில் எழுத எனக்கு மனசு வரவில்லை. உன் நைனா போய், அவருடைய காரியமெல்லாம் முடிந்து, புத்தூர் ஸ்டேஷனில் நீ மெட்ராஸ் ரயிலில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வண்டி கிளம்பப் போகிற நேரத்தில் கேட்டாய்: "அம்மா, நைனா எந்தப் பக்கம்? தமிழ்ப் பக்கமா, ஆந்திரா பக்கமா? இல்ல, எதுவும் சொல்லாம பயந்துகினே இருந்துட்டாரா? அது தெரியாம டிஸ்பென்சரில அவரோட நாற்காலில நான் எப்படிம்மா உக்காருவேன்?" நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. மாட்டு வண்டியில் வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு அவர் எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரியவில்லையே, இது என்ன மாதிரியான குடும்பம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

நீ டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டாய். நீ வந்து உட்கார்ந்தால் டிஸ்பென்சரி நடக்கும். இல்லையென்றால் மூடிவிட வேண்டியதுதான். கம்பவுண்டர் இப்போதும் காலையில் கதவைத் திறந்து, பெருக்கி, புட்டிகளைத் துடைத்துவைத்துவிட்டு மூடுகிறார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் யாராவது வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார்கள். டாக்டர் போய்விட்டது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் உட்காருகிறார்கள். "உங்க புள்ள வருதாம்மா?" என்று கேட்கிறார்கள். "வரும்" என்று ஒரு நாள் சொல்கிறேன், "தெரியலை" என்று ஒரு நாள் சொல்கிறேன். எது பொய் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன். இதில் பதில் இருந்தால் நீயே எடுத்துக்கொள். இல்லையென்றால் என்னைத் திட்டாதே.

உன் நைனா எல்.எம்.பி. டாக்டர் படிப்பு முடித்துவிட்டு இந்த ஊருக்கு வந்தபோது டிஸ்பென்சரி ஒரே அறை. அதற்குப் பின்னால்தான் வீடு. நடுவில் இருந்த கதவு சரியாகச் சாத்தாது. அதனால் நான் அடுப்படியில் இருந்தபடியே எல்லாம் கேட்டேன். அவர் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எந்தப் பாஷையில் பேசுவது என்று தெரிந்துகொள்வார். தமிழ் பேசுகிறவனிடம் தமிழ், தெலுங்கு பேசுகிறவனிடம் தெலுங்கு. ஒரே வீட்டிலிருந்து மாமியாரும் மருமகளும் வந்தால் ஒருத்தியிடம் இதில், இன்னொருத்தியிடம் அதில். அவர் பெரிய மனுஷனாக ஆசைப்பட்டவர் இல்லை. காலரா வந்த வருஷம், புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் நம் ஊர்ச் சத்திரத்தில் தங்குவார்களே, அவர்களுக்கு ஊசி போட ஏற்பாடு செய்யச் சொல்லி பஞ்சாயத்து போர்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தார். யாரும் காதில் வாங்கவில்லை. "நீயே பிரசிடெண்டா இருந்தா செய்யலாம்" என்று யாரோ கேலியாகச் சொன்னான். அதை இவர் நிஜமாக எடுத்துக்கொண்டு எலெக்‌ஷனில் நின்றார், ஜெயித்தும் விட்டார். ஜெயித்ததும் முதல் வேலையாக ஊர்க் கிணறுகளில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார். அதிலும் முதலில் நம் வீட்டுக் கிணறு. காப்பி, சாம்பார் எல்லாம் ஒரே வாடை. "பிரசிடெண்ட் வூட்டு ரசம் சட்டை துவைச்ச தண்ணி மாதிரி கீது" என்று பக்கத்து வீட்டுச் செங்கம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நானும் அவரோடு சண்டை போட்டேன். அந்த வருஷம் நம் தெருவில் யாருக்கும் காலரா வரவில்லை. அதைச் செங்கம்மா யாரிடமும் சொல்லவில்லை.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்தபோது நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மிட்டாய் கொடுத்தார்கள், எல்லோரும் வாங்கித் தின்றோம். பிரிகிறது என்றால் எங்கோ தூரத்தில் பிரிகிறது என்றுதான் நினைத்தேன். நம் ஊர் வழியாகக் கோடு வரும் என்று யார் கண்டது? நீ மெட்ராசில் காலேஜில் சேர்ந்த பிறகுதான் எல்லைப் பேச்சு முற்றியது. எந்த ஊரில் எந்தப் பாஷைக்காரர் அதிகமோ அந்த ஊர் அந்தப் பக்கம் என்றார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் மகஜர் கொடுக்க வீடு வீடாகக் கணக்கெடுக்கக் கிளம்பினார்கள். முதலில் தெலுங்குக் கட்சி வந்தது. செங்கம்மா வீட்டு வாசலில் நின்று, உங்கள் வீட்டில் என்ன பாஷை என்று தெலுங்கில் கேட்டார்கள். "தெலுகே சாமி" என்றாள். மறுநாள் தமிழ்க் கட்சி வந்து தமிழில் கேட்டது. "தமிழுதான் சாமி, வேற இன்னா" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா செங்கம்மா, நேத்து ஒண்ணு இன்னிக்கு ஒண்ணு சொல்றியே?" என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாசல்ல வந்து நிக்கறான். அவன் பேச்சுல பேசாம வேற பேச்சுல சொன்னா அவன் மூஞ்சி இன்னாத்துக்கு ஆவும்? மோர் குடுத்துட்டு டம்ளரப் புடுங்கினா மாதிரி இருக்காது?" என்றாள். நம் வீட்டு வாசலிலும் நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். நம் பக்கத்தில் வந்தவர் பாஷையில் பதில் சொல்வதுதானே மரியாதை? அது கணக்கு என்று யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் தெலுங்குக் கட்சிக் கணக்கில் ஊர் முழுதும் தெலுங்கு. தமிழ்க் கட்சிக் கணக்கில் ஊர் முழுதும் தமிழ். இரண்டு கணக்கையும் நம்பினால் நம் ஊரைப்போல் இரண்டு ஊர் வேண்டும். சித்தூரில் இருக்கிற பெரிய மனுஷர்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்களாம். அப்போதுதான் உன் முனுசாமி மாமாவுக்கு அந்த யோசனை வந்தது. என் அண்ணன் தமிழ்க் கட்சியில் எவ்வளவு தீவிரம் என்று உனக்குத் தெரியும். அவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார். பெஞ்சு நிறைய நோயாளிகள். நான் கதவுக்கு இந்தப் பக்கம்.

"மாப்ள, இந்தப் பொம்பளைங்க சொல்றத வெச்சிக்கினு ஒண்ணும் ஆவாது. கேட்டவன் பாஷைல பதில் சொல்லுதுங்க. நீதான் சொல்லணும். ஜுரத்துல பெனாத்தறப்போ, புள்ள பெக்கறப்போ யாருக்கும் பொய் வராது. எந்த வூட்டுல எந்தப் பாஷை வாயில வருதுன்னு உனக்குத்தானே தெரியும்? நீ ஒரு கையெழுத்து போட்டுக் குடு, டாக்டரே சொல்லிட்டாருன்னு ஆயிடும்."

"மச்சான், உனக்கு மூலக்கட்டி அறுத்தப்போ நீ இன்னா கத்தினேன்னு இந்த பெஞ்சில கீறவங்களுக்குச் சொல்லட்டுமா?"

பெஞ்சே சிரித்தது. அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "அது வேற, இது வேற மாப்ள."

"எனக்கு ரெண்டும் ஒரே ரூம்ல கேட்டதுதான். மோர் குடிச்சிட்டுப் போ."

அதற்கப்புறம் நாராயண ரெட்டி வந்தார். அவர் தெலுங்குக் கட்சி, போர்டில் மெம்பர், உன் நைனாவுக்கு நல்ல சிநேகிதர். அவர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டதை நான் தமிழில் எழுதுகிறேன். "டாக்டரு காரு, பேரெல்லாம் வேண்டாம். தெருத் தெருவாகச் சொன்னால் போதும். ஊர் நன்மைக்குத்தானே?" என்று நயமாகக் கேட்டார். "ஜுரத்தில் சொன்னதை வைத்து எல்லை போட்டால், ஜுரம் விட்டதும் எல்லையை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள், ரெட்டி காரு?" என்று இவர் கேட்டார். அவருக்கும் மோர்தான் கொடுத்தனுப்பினார். மோர் கொடுத்துக் கொடுத்து அந்த வாரம் என் தயிர்ச் சட்டியே காலி.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் விடவில்லை. "அவங்களுக்குத்தான் சொல்லலை, எனக்காவது சொல்லக்கூடாதா? எங்க அண்ணன் ஊரும் நம்ம ஊரும் ஒரே பக்கமா இருக்கணும்னு எனக்கு இருக்காதா?" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு டைபாய்டு வந்து நினைவு தப்பிக் கிடந்தேன். என் அம்மா வெதுருகுப்பத்துக்காரி, வீட்டில் தெலுங்குதான். என் அப்பா தமிழ். எனக்கு அம்மாவோடு ஒன்று, அப்பாவோடு ஒன்று. எண்ணுவது தமிழில், ஏசுவது தெலுங்கில். "நான் ஜுரத்துல இன்னா பேசினேன், அதையாவது சொல்லுங்க" என்றேன். "உனக்கு நல்லாயிடுச்சில்ல? துன்னு" என்றார். அவ்வளவுதான். நான் என்னவென்று எனக்கே சொல்லவில்லை அந்த மனுஷன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை சேகரு, அவரே போய்விட்டார்.

அவர் சொல்லாததை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டது. அவன் ஆளாகிவிட்டான் என்று இவன் சொன்னான், இவன் ஆளாகிவிட்டான் என்று அவன் சொன்னான். ஒரு கழிவுநீர்க் கால்வாய் விஷயத்தில்கூட ஒத்துப்போகாத மெம்பர்கள் எல்லோரும் ஒன்றாகக் கை தூக்கி அவரைப் பிரசிடெண்ட் பதவியிலிருந்து இறக்கினார்கள். வீட்டுக்கு வந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டே, "இந்த ரெண்டு கூட்டத்தையும் ஒத்துமையாக்கினது நான்தாண்டி, யாரு மெடல் குடுப்பான்?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு வெகுநேரம் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். முதலில் கை தூக்கினவன் அன்றைக்குச் சாயங்காலமே வயிற்றுவலி என்று தன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தான். இவர் ஒன்றும் நடக்காத மாதிரி, அந்தப் பெண்ணிடம் அவள் பாஷையில் எங்கே வலிக்கிறது என்று கேட்டார். அடுத்த கூட்டத்துக்கும் போனார். வெறும் மெம்பராகப் பின் பெஞ்சில் உட்கார்ந்து, அம்மை குத்துகிறதையும் குப்பை எடுக்கிறதையும் பற்றியே பேசினார். போர்டு வேலையாகச் சித்தூருக்குப் போய் வந்தால் எனக்கு மாம்பழம் வாங்கி வருவார். அந்த வருஷமும் வாங்கி வந்தார். எனக்குத்தான் இறங்கவில்லை.

நீ லீவுக்கு வந்தாய். காலேஜில் ஊர்வலம் போனேன், கொடி பிடித்தேன் என்று சொன்னாய். அவரோடு நீ போட்ட சண்டை எனக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா மாமா ஊரோட நம்ம ஊரும் சேர்ந்துடும் நைனா! எங்க பசங்க முன்னாடி நான் தலை நிமிர்ந்து நிக்க முடியலை. உங்க அப்பா யாருடா, அவரு எந்தக் கட்சின்னு கேக்கறாங்க" என்றாய். "டாக்டருன்னு சொல்லு" என்றார். "அது பதில் இல்ல" என்றாய். "துன்னுட்டுப் போ" என்றார். நீ தின்னாமல் போனாய். அப்புறம் கோடு விழுந்தது. அண்ணன் ஊர் மெட்ராஸ் பக்கம் போயிற்று, நம் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. ஏரிக்கரையில் நின்றால் என் அண்ணன் வீட்டுப் பனைமரங்கள் தெரியும், அது இன்னொரு ராஜ்யம். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. நீ தீபாவளிக்குக்கூட வரவில்லை. பரீட்சை என்று எழுதினாய். அவர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "பரீட்சைன்னா படிக்கட்டும்" என்று சொன்னார்.

இப்போது சொல், நான் என்ன நினைப்பது? ஒரு நாள் காலையில் எழுந்தால், அவர் செய்தது தப்பு என்று தோன்றுகிறது. அவர் வாயைத் திறந்திருந்தால் அண்ணன் என்னை வெறுத்திருக்க மாட்டார், நீ வீட்டுக்கு வந்திருப்பாய். அடுப்பு மூட்டுவதற்குள், அவர் சொல்லியிருந்தாலும் கோடு அதே இடத்தில்தான் விழுந்திருக்கும், எங்கோ உட்கார்ந்துகொண்டு போட்டவர்கள் நம் ஊர் டாக்டரையா கேட்டார்கள் என்று தோன்றுகிறது. செங்கம்மாவிடம் ஒரு நாள் மனசு விட்டுச் சொன்னேன். அவள், "போம்மே. அவரு கையில நாலு பெத்தேன். புருசனையும் மாமியாளையும் இன்னா இன்னா திட்டிக் கத்தினேனோ, அந்த சாமிக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை அந்தக் கதவத் தாண்டி வந்துதா? பாஷைய மட்டும் சொல்றேன்னு ஆரம்பிச்சா நாளைக்கு மீதியும் வந்துடாது?" என்றாள். அவள் சொன்னபோது சரி என்றுதான் பட்டது. அவள் வீட்டுக்குப் போனதும், அவளுக்கென்ன, அவள் பிள்ளை அவள் வீட்டில்தானே இருக்கிறான் என்று பட்டது. இப்படியே இருக்கிறேன் கண்ணு. தாம்புக்கயிறு மாதிரி ஒரு முனை கிணற்றில், ஒரு முனை கையில்.

நீ வருவதற்கு முன் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு நெஞ்சில் சளி கட்டி ஜுரம் ஏறியது. திருப்பதியிலிருந்து அவருடைய சிநேகித டாக்டர் வந்து ஊசி போட்டார். அங்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார். இவர் தலையை ஆட்டிவிட்டார். உனக்குத் தந்தி அடித்தோம், அது வந்து சேர்ந்து நீ கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியில் அவருக்கு நினைவு இல்லை. பேசிக்கொண்டே இருந்தார். கம்பவுண்டரை வெளியே அனுப்பிவிட்டேன். கதவைச் சாத்தினேன், அந்தச் சாத்தாத கதவை முக்காலியை வைத்து அழுத்திச் சாத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் பேசினது எல்லாவற்றையும் நான் கேட்டேன். நான் மட்டும்தான் கேட்டேன்.

போன வாரம் அண்ணனும் நாராயண ரெட்டியும் வந்தார்கள். ஒருத்தர் வருவது ஒருத்தருக்குத் தெரியாது, வாசலில் முட்டிக்கொண்டார்கள். ரெட்டிதான் இப்போது பிரசிடெண்ட். போர்டில் இரங்கல் கூட்டம் வைத்துப் படம் திறக்கப் போகிறார்களாம். அண்ணனும் அவர் ஊரில் ஒரு கூட்டம் வைக்கிறாராம். உயிரோடு இருந்தபோது இரண்டு பேருக்கும் வேண்டாதவர், இப்போது இரண்டு பேருக்கும் வேண்டியவர் ஆகிவிட்டார்.

அண்ணன்தான் ஆரம்பித்தார். "பாப்பா, மாப்ள உள்ளுக்குள்ள நம்ம ஆளுதான். எனக்குத் தெரியும். வெளிய சொல்லலை, அவ்வளவுதான். கடைசியா நெனவு தப்பிப் பேசினாராமே, நீதானே கூட இருந்தே. இன்னா பாஷைல பேசினாரு? அத மட்டும் சொல்லு."

ரெட்டி விடுவாரா? "அக்கா, நீங்க செப்பண்டி, நீங்களே சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரும் கேட்டுக்கறோம். நீங்க எதைச் சொன்னாலும் அதுதான் முடிவு" என்றார், தமிழும் தெலுங்குமாக.

அவர்கள் இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது சேகரு. சொன்னால் ஒருத்தராவது சந்தோஷமாகப் போவார். அண்ணனுக்குப் பிடித்த மாதிரி சொன்னால் அவர் வீட்டுக்கு நான் போய் வரலாம். ரெட்டிக்குப் பிடித்த மாதிரி சொன்னால் இந்த ஊரில் நிம்மதியாக இருக்கலாம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி யார் கேட்கப் போகிறார்கள்? வாயைத் திறந்தேன். "மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றுதான் வந்தது. அண்ணன் என்ன நினைத்தாரோ, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். ரெட்டி தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு பேரும் மோர் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அவர்களுக்குச் சொல்லாததை உனக்கு எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். நீ அவர் பிள்ளை, உனக்கு உரிமை இருக்கிறது. அந்த இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அவர் கொள்கை எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்காதே, எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எந்தப் பக்கம் என்று எனக்கு இப்போதும் தெரியாது. ஜுரத்தில் வந்த பேச்சுதான் ஆளின் பக்கமா, அது வெறும் ஜுரமா, அதுவும் தெரியாது. அவர் பயந்தவரா என்று கேட்டாய். பயந்தவர் இரண்டு கூட்டத்தில் ஒன்றோடு சேர்ந்திருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது, அதுகூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நீ அந்த நாற்காலியில் உட்காரத்தான் வேண்டும் என்று சொல்ல நான் யார்? மெட்ராசில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, உனக்கு அங்கே நல்ல பேர் கிடைக்கும். வந்தால், போர்டிலும் நிற்கச் சொல்லி இரண்டு கட்சியும் வாசலுக்கு வரும். அதையும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். தயிர் மட்டும் நான் தோய்த்து வைக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கும் வயசாகிறது. எனக்கும் ஒரு நாள் ஜுரம் வரும், நினைவு தப்பும், எதையோ பேசுவேன். என் அம்மா பேச்சு வருமோ, அப்பா பேச்சு வருமோ, உன் நைனாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அப்போது பக்கத்தில் யாராவது இருப்பார்கள். அது நீயாக இருந்தால் நல்லது. கதவு சரியாகச் சாத்தாது, முக்காலியை வைத்து அழுத்திக்கொள். நான் பேசுவதை நீ கேள். கேட்டுவிட்டு வெளியே வந்து, வாசலில் யார் நின்றாலும் அவர்களுக்கு மோர் கொடு.

உன் அம்மா